எரிந்த வீட்டின் புகைபோக்கியை என்ன செய்வது?

2025 ஜனவரி 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இரண்டு பெரிய காட்டுத்தீக்கள் கிளம்பின. ஒன்று கடலோரத்தில், பசிபிக் பாலிசேட்ஸில். இன்னொன்று மலையடிவாரத்தில் இருக்கும் ஆல்டடினாவில், அதற்கு ஈட்டன் தீ என்று பெயர். பாலிசேட்ஸ் பக்கம் 6,800-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின, ஆல்டடினா பக்கம் 9,400-க்கும் மேல். பிறகு வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும்: தெருத்தெருவாகச் சாம்பல், அதற்கு நடுவே வரிசையாகப் புகைபோக்கிகள். கூரை இல்லை, சுவர் இல்லை, சன்னல் இல்லை, ஆனால் குளிர்காய வீட்டுக்குள் தீ மூட்டும் கணப்பும் அதன் மேல் புகைபோக்கியும் மட்டும் அப்படியே நிற்கின்றன.

அவற்றை என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு. இடித்து அள்ளிவிடலாம், பெரும்பாலும் அதுதான் நடக்கும். இல்லாவிட்டால் சிலவற்றையாவது விட்டுவைத்தோ பெயர்த்தெடுத்தோ, ஊர் கூடி நினைத்துப் பார்க்கிற ஓர் இடமாக ஆக்கலாம். இரண்டாவது வழி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இறங்கிப் பார்த்தால் ஏகப்பட்ட சிக்கல். கட்டடக்கலை எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி அதை விளக்கப் பார்க்கிறேன். என் கருத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எச்சத்தைக் காப்பாற்றுவது ஒரு வேலை, நினைவிடம் அமைப்பது வேறொரு வேலை. முதலாவதற்குச் சில வாரங்கள்தான் அவகாசம், இரண்டாவதற்குப் பத்து வருடம்கூட எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் முதலாவது கைநழுவிவிடும், அப்புறம் இரண்டாவதுக்குப் பொருளே இருக்காது.

ஏன் அது மட்டும் நிற்கிறது?

கலிபோர்னியாவில் பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தால் கட்டப்பட்டவை. சுவருக்குள் மரம், தரைக்கு அடியில் மரம், கூரைக்கும் மரம். தீ வந்தால் வீட்டின் எலும்புக்கூடே விறகாகிவிடும். செங்கல்லோ ஏற்கனவே சூளையில் சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் வெந்து வந்தது, வீடு எரிகிற சூடு அதற்குப் புதிதில்லை. அதோடு, புகைபோக்கி என்பதே உள்ளே தீயை வைத்துக்கொள்வதற்காகக் கட்டிய பொருள். அதனால் வீடு போன பிறகும் அது நிற்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஆனால் நிற்கிறது என்பதற்காக அது உறுதியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. செங்கல் தாங்கிவிடும், செங்கற்களுக்கு நடுவே இருக்கும் சாந்து தாங்காது. சிமென்ட் கலந்த சாந்து 400 டிகிரியைத் தாண்டும்போது தனக்குள் பிணைந்திருக்கும் நீரை இழக்கத் தொடங்கும், அதிலிருக்கும் சுண்ணாம்புப் பகுதி சிதைந்து சுட்ட சுண்ணாம்பாக மாறும். பிறகு ஒரு மழை பெய்தாலோ, காற்றிலிருக்கும் ஈரம் பட்டாலோ, அந்தச் சுண்ணாம்பு மறுபடி நீரை உறிஞ்சிப் பருக்கும், சாந்து பொடிந்து உதிரும். அதாவது, தீ அணைந்த மறுநாள் கம்பீரமாக நிற்கிற புகைபோக்கி முதல் மழைக்குப் பிறகு அதைவிட மோசமான நிலையில் இருக்கலாம். ஆற்றுக் கூழாங்கல்லை வைத்துக் கட்டியவற்றுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென்று விரியும், கல்லின் மேல்தோல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும்.

இதெல்லாம் பொறியாளர்களுக்குத் தடயமும்கூட. கான்கிரீட் 300 டிகிரியைத் தாண்டினால் பல சமயம் இளஞ்சிவப்பாக நிறம் மாறும், அதற்கும் மேலே போனால் வெளிறிச் சாம்பல் நிறமாகும். காரின் அலுமினியக் கலவைச் சக்கரம் உருகித் தரையில் ஓடி உறைந்திருந்தால் அங்கே சுமார் 600 டிகிரியாவது இருந்திருக்கிறது. அந்தத் தடயங்களை வைத்துத்தான் எந்த எச்சம் காப்பாற்றத் தக்கது, எதைத் தொட்டாலே விழும் என்று கணிக்கிறார்கள். வெறும் கண்ணால் பார்த்து ‘இது நல்லாத்தான் நிக்குது’ என்று முடிவு செய்வது ஆபத்தான காரியம்.

கலிபோர்னியாவில் நிலநடுக்கமும் சேர்ந்துகொள்கிறது. 1933-இல் லாங் பீச் நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் அங்கே கட்டட விதிகள் இறுகின. ஆல்டடினாவின் பழைய வீடுகளில் பல அதற்கு முந்தியவை, அந்தக் காலத்துச் செங்கல் புகைபோக்கிகளுக்குள் பெரும்பாலும் கம்பி இருக்காது. முன்பாவது சுற்றிலும் வீடு இருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது தனியாக நிற்கிறது, ஒரு சின்ன அதிர்வு போதும்.

கடிகாரம் எங்கே ஓடுகிறது

தீ அணைந்ததும் நடக்கிற வேலையைப் பார்த்தால் ஏன் அவசரம் என்பது புரியும். லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு கட்டமாகச் செய்தார்கள். முதலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வந்து பெயின்ட், கேஸ் சிலிண்டர், லித்தியம் பேட்டரி மாதிரியான ஆபத்தான பொருட்களை எடுத்தது. அடுத்து ராணுவப் பொறியாளர் படை, ஒப்பந்தக்காரர்களை வைத்துச் சாம்பல், இடிபாடு, அஸ்திவாரம், அதற்குக் கீழே மேல்மண்ணில் ஆறு அங்குலம் என்று எல்லாவற்றையும் அள்ளியது. வீட்டுக்காரர் அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் இது இலவசமாக நடந்தது. வேண்டாம் என்றால் சொந்தச் செலவில் ஆள் வைத்துச் செய்துகொள்ள முடிந்தது.

இந்த வேலையில் புகைபோக்கிக்கு என்ன இடம் என்றால், அது ஒரு இடைஞ்சல். தலைக்கு மேலே எப்போது விழுமோ என்று நிற்கிற ஒரு செங்கல் தூணுக்குக் கீழே யாரும் வேலை செய்ய முடியாது, அதனால் வண்டி உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் தள்ளுவார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீடிழந்தவருக்கு மனை சுத்தமாக வேண்டும், மாநகராட்சிக்கு நச்சு போக வேண்டும், ஒப்பந்தக்காரருக்கு நாள் கணக்கு இருக்கிறது. எல்லாருடைய நியாயமும் ஒரே திசையில்தான் தள்ளுகிறது. அப்போது ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்ல ஒருவர் தேவை, அப்படிச் சொல்ல அவருக்கு வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் தேவை. புகைபோக்கி தனியார் மனையில் இருக்கிறது, தெருவே பார்த்துப் பழகியதாக இருந்தாலும் அது ஒருவருடைய சொத்து. இதை மறந்துவிட்டு ஆர்வக்கோளாறில் சுத்தியலோடு உள்ளே போவதற்கும் திருட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

உடம்புக்கும் ஆபத்து. பழைய வீடுகளின் சாம்பலில் ஈயம், ஆர்சனிக், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) எல்லாம் இருக்கக்கூடும், கல்நார் சில பழைய கணப்புகளின் பூச்சிலேயேகூட இருக்கும். சரியான முகக்கவசம், உடலை மூடும் உடை, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துச் செய்வது, எடுத்த பொருளைச் சுத்தம் செய்த பிறகே வீட்டுக்குள் கொண்டுபோவது, இதெல்லாம் இல்லாமல் யாரும் தொடக் கூடாது. உலர்ந்த சாம்பலைத் துடைப்பம் போட்டுப் பெருக்குவதுதான் செய்யக்கூடியவற்றிலேயே மோசமான காரியம்.

காப்பாற்றுவது என்றால் நடைமுறையில் என்ன?

மிக எளிமையானது பதிவு செய்வது. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒன்றின் மேல் ஒன்று படிகிற மாதிரி நூற்றுக்கணக்கில் படம் எடுத்தால் அதிலிருந்து முப்பரிமாண மாதிரி ஒன்றைக் கணினியில் உருவாக்கிவிடலாம், லேசர் ஸ்கேன் செய்தால் மில்லிமீட்டர் கணக்கில் அளவு கிடைக்கும். ஒன்றையும் காப்பாற்ற முடியாவிட்டாலும் இதைச் செய்துவிட வேண்டும், பொருள் போய்விட்டாலும் அதன் அளவும் வடிவமும் இருந்த இடமும் மிஞ்சும். செல்போனில் எடுத்த படமும் உதவும். பக்கத்தில் ஓர் அளவுகோலையோ தெரிந்த அளவுள்ள ஏதாவது பொருளையோ வைத்து எடுத்தால் போதும்.

அடுத்தது, நிற்கிற இடத்திலேயே நிறுத்திவைப்பது. எஃகுச் சட்டத்தால் முட்டுக்கொடுத்து, உச்சியில் தண்ணீர் இறங்காமல் மூடி, உதிர்ந்த சாந்தை எடுத்துவிட்டுப் புதிய சாந்து பூச வேண்டும். புதிய சாந்து பழைய செங்கல்லைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பால பாடம், கெட்டியாக இருந்தால் ஈரமும் உப்பும் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும், செங்கல்தான் உடையும். இந்த வழிக்குச் செலவு அதிகம், அந்த மனையே பொது இடமாக மாற வேண்டியும் இருக்கும். ஒரு பூங்காவிலோ நூலகத்தின் வளாகத்திலோ என்றால் சரி, குடியிருப்பு மனையில் பெரும்பாலும் நடக்காது.

மூன்றாவது, முழுசாக வெட்டித் தூக்குவது. அடியில் அறுத்து, எஃகுக் கூண்டு போட்டு இறுக்கி, கிரேனில் எடுத்து வேறோர் இடத்தில் நிறுத்துவது. பாலிசேட்ஸில் ‘புராஜெக்ட் சிம்னி’ என்ற பெயரில் ஒரு முயற்சி கிளம்பியது இந்த எண்ணத்தில்தான்: பல வீடுகளின் புகைபோக்கிகளை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து ஒரு நினைவிடமாக நிறுத்துவது. அந்தப் பகுதியில் ரிச்சர்ட் நியூட்ரா, ரே கேப்பி போன்ற பெரிய நவீனக் கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்த வீடுகளும் எரிந்தன. அதனால் கட்டடக்கலை உலகின் கவனம் அந்தப் பக்கம் எளிதாகத் திரும்பியது.

இன்னொரு வழி, பிரித்தெடுப்பது. எனக்கு இதில்தான் பிடிப்பு அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆல்டடினாவின் பழைய வீடுகள் பலவற்றில் கணப்பின் முகப்பில் எர்னஸ்ட் பேச்செல்டர் என்பவரின் பட்டறையில் செய்த டைல்கள் பதித்திருந்தார்கள். அவர் பக்கத்து ஊரான பாசடினாவில், அரோயோ செக்கோ பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருந்த தன் வீட்டின் பின்கட்டில் ஒரு சூளை போட்டுத் தொடங்கியவர், பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தார், 1930-களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தத்தில் தொழில் படுத்துவிட்டது. பளபளப்பு இல்லாத பழுப்பும் மங்கிய நீலமும் கலந்த டைல்கள், அவற்றில் மயில், கொடி, கப்பல், கோட்டை, மரம் என்று புடைப்பாக உருவங்கள். சூளையில் வெந்தவை என்பதால் தீயிலும் பல தப்பின. புல்டோசர் வருவதற்குள் அவற்றைக் கழற்றி வீட்டுக்காரர்களிடமே கொடுத்துவிட வேண்டும் என்று தன்னார்வலர்கள் கிளம்பினார்கள். தெருத்தெருவாக நடந்து எந்தப் புகைபோக்கியில் டைல் இருக்கிறது என்று குறித்து, வீட்டுக்காரர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கி, கொத்தனார்களை அழைத்துப்போய்க் கழற்றினார்கள்.

கழற்றுவது பார்க்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. டைலின் முதுகு முழுக்கச் சாந்தில் புதைந்திருக்கும், முன்பக்கத்திலிருந்து நெம்பினால் விளிம்பு உடையும். அதனால் ஓரத்தில் ஒரு செங்கல்லையோ ஏற்கனவே உடைந்த டைலையோ பலிகொடுத்து இடம் பண்ணிக்கொண்டு, பின்னாலிருந்து சாந்தை மெல்ல உடைத்து, ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். தொடுவதற்கு முன்பே முழு முகப்பையும் நேராக நின்று படம் எடுத்து, படத்தில் ஒவ்வொரு டைலுக்கும் எண் போட்டு, அதே எண்ணைக் கழற்றிய டைலின் முதுகிலும் எழுத வேண்டும். பிறகு பெட்டி, பெட்டியின் மேல் முகவரி. எண் போடாமல் விட்டுவிட்டால் கையில் அழகான டைல்கள் இருக்கும், ஆனால் அது யாருடைய கணப்பும் ஆகாது. மயில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, எதிரே என்ன இருந்தது, நடு டைலுக்கு மேலே ஏதாவது இருந்ததா என்பதெல்லாம் அந்த வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு முக்கியம்.

இந்த முயற்சியில் எனக்குப் பிடித்தது இதுதான். அவர்கள் நினைவிடம் எதையும் அறிவித்துவிட்டு வேலையில் இறங்கவில்லை. முதலில் எடுத்துவைத்தார்கள். எடுத்துக்கொடுத்ததை வீட்டுக்காரர் புது வீட்டில் பதிக்கலாம், பெட்டியிலேயே வைத்திருக்கலாம், பிற்காலத்தில் ஊரின் பொது நினைவிடத்துக்குக் கொடுக்கலாம். எல்லாக் கதவும் திறந்தே இருக்கிறது.

எப்போது முடிவெடுப்பது?

அவசரமாக முடிவெடுத்தால் என்ன ஆகும், தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் நல்ல உதாரணம் இருக்கிறது. அது காட்டுத்தீ இல்லை, 2011 சுனாமி. ஆனால் சிக்கல் அதேதான்.

மினாமிசன்ரிக்கு என்ற ஊரில் பேரிடர் தடுப்பு அலுவலகம் மூன்று மாடிக் கட்டடம். சுனாமி வந்தபோது தண்ணீர் கூரைக்கும் மேலே போனது, அங்கே 43 பேர் இறந்தார்கள். மிஞ்சியது வெறும் சிவப்பு எஃகுச் சட்டம். அதை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், பார்க்கவே முடியவில்லை, இடித்துவிடுங்கள் என்று இன்னொரு கூட்டம், இரண்டு பக்கத்திலும் குடும்பத்தாரை இழந்தவர்கள் இருந்தார்கள். 2013-இல் இடிப்பது என்று ஊர்த் தலைவர் அறிவித்தார். பிறகு மியாகி மாகாண அரசு குறுக்கே வந்து, 2031 வரைக்கும் நாங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்கிறோம், அதற்குள் நிதானமாக முடிவு செய்யுங்கள் என்று சொன்னது. சுனாமி நடந்து இருபது வருடம் வரை. கடைசியில் அவ்வளவு காலம் தேவைப்படவில்லை, 2024-இலேயே ஊர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு நிரந்தரமாகப் பாதுகாப்பது என்று முடிவு செய்தது. அதே சுனாமியில் ஒட்சுச்சி என்ற ஊரின் நகர மன்றக் கட்டடமும் எச்சமாக நின்றது. அங்கே வழக்கு வரைக்கும் போய், 2019-இல் இடித்துவிட்டார்கள்.

ஒட்சுச்சிக்காரர்கள் செய்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தால் வேண்டாம்தான். ஆனால் இடிப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், இடித்ததை நிறுத்த முடியாது. அதனால் துக்கம் கொதித்துக்கொண்டிருக்கிற முதல் வருடத்தில் யாரையும் ‘வைக்கலாமா வேண்டாமா’ என்று கை தூக்கச் சொல்லாமல் இருப்பது நல்லது. ‘பத்து வருடம் கழித்துக் கேட்கிறோம், அதுவரை ஓரமாக வைத்திருக்கிறோம்’ என்றால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். காட்டுத்தீயில் இது சுனாமியைவிட எளிது, ஏனென்றால் புகைபோக்கியையோ வாசல் படியையோ பிரித்துக் கிடங்கில் வைக்கலாம், யாரும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டியதில்லை.

அவகாசம் எடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. கனடாவின் லிட்டன் கிராமம் 2021 ஜூன் 30-ஆம் தேதி எரிந்துபோனது. அதற்கு முந்தைய நாள்தான் அங்கே 49.6 டிகிரி பதிவாகியிருந்தது. அந்த நிலத்தின் அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான பூர்வகுடி மக்களின் தடயங்கள் இருப்பதால் மண்ணைத் தோண்டுமுன் தொல்லியல் ஆய்வு செய்யச் சட்டம் கேட்டது. நியாயமான சட்டம்தான். ஆனால் வீடு கட்டத் தாமதமானபோது அங்கிருந்தவர்களுக்குப் பொறுமை போனதும் நியாயம்தான். பாதுகாப்பு வேலை வீடு கட்டுகிற வேலையின் குறுக்கே படுத்துக்கொண்டால் ஊரே அதற்கு எதிரியாகும். எச்சத்தை மனையை விட்டு வேகமாக வெளியே எடுத்துவிட்டு, முடிவை மட்டும் மெதுவாக எடுக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

யாருடைய புகைபோக்கி?

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். பெரிய கலைஞர் கட்டிய வீடு, பேர் பெற்ற பட்டறையின் டைல் என்றால் காப்பாற்ற ஆள் ஓடி வரும், பணமும் வரும். ஆல்டடினாவில் லேக் அவென்யூ என்ற சாலைக்கு மேற்கே நிறையக் கறுப்பினக் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்தன. மற்ற பல இடங்களில் அவர்களுக்கு வீட்டுக்கடன் கிடைக்காத, வீடே விற்க மறுத்த காலத்தில், அங்கேதான் சொந்த வீடு வாங்க முடிந்தது. ஈட்டன் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் அந்த மேற்குப் பக்கத்துக்காரர்கள். அங்கே நின்ற புகைபோக்கி சாதாரணச் செங்கல்லாக இருக்கலாம், எந்தப் புத்தகத்திலும் வராத கொத்தனார் கட்டியதாக இருக்கலாம். ஆனால் ஊர் எதை இழந்தது என்று சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான சாட்சி எது?

கட்டடக்கலை வரலாறு எதைக் காப்பது என்பதற்கும், ஊரின் நினைவிடத்தில் எதை வைப்பது என்பதற்கும் அளவுகோல் வேறு. முதலாவதில் அரிது, அழகு, யார் கட்டியது என்று பார்ப்பார்கள். இரண்டாவதில் அங்கே வாழ்ந்தவர்கள் எதைக் கைகாட்டுகிறார்களோ அதுதான், அது ஒரு தேவாலயத்தின் வாசல் வளைவாக இருக்கலாம், பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தின் மேடையாக இருக்கலாம், பிள்ளைகள் உட்கார்ந்து தேய்ந்துபோன கடைப்படியாக இருக்கலாம். வல்லுநர்களின் வேலை, கைகாட்டியது நிற்குமா, நிற்க வைக்க என்ன செய்யணும் என்று சொல்வது.

கைகாட்ட மறுப்பவர்களையும் மதிக்க வேண்டும். தன் வீட்டின் புகைபோக்கியை இன்னொரு தடவை பார்க்கப் பிடிக்காதவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் ‘வரலாறு’ என்று சொல்லி வற்புறுத்துவது அநாகரிகம்.

இதுவரை செய்தவர்கள்

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2003 ஜனவரி 18-ஆம் தேதி புறநகர்ப் பகுதிக்குள் காட்டுத்தீ புகுந்து நான்கு பேர் இறந்தார்கள், சுமார் 500 வீடுகள் அழிந்தன. 2006-இல் ஸ்ட்ரோம்லோ காட்டுப் பூங்காவில் ஒரு நினைவிடம் திறந்தார்கள். அதன் நுழைவாயிலில் இருக்கும் செங்கல் சுவர்கள் எரிந்த வீடுகளிலிருந்து மீட்ட செங்கல்லைக் கொண்டு கட்டியவை, அவற்றில் ஊர் மக்களின் வாசகங்களும் உண்டு. உள்ளே கண்ணாடித் தூண்களில் மக்கள் கொடுத்த புகைப்படங்கள். எந்த வீட்டின் முழு உருவமும் அங்கே இல்லை. ஆனால் பல வீடுகள் ஒரே சுவரில் கலந்து நிற்கின்றன, இதில் யார் வீடு பெரிது யார் வீடு அழகு என்ற பேச்சே வராது. நான் பார்த்த தீர்வுகளில் இதுதான் மிகவும் புத்திசாலித்தனமானது என்பேன்.

அதே தீயில் பக்கத்து மலையில் இருந்த மவுன்ட் ஸ்ட்ரோம்லோ வானாய்வகமும் எரிந்தது. அங்கே வேறு முடிவு எடுத்தார்கள். எரிந்த தொலைநோக்கிக் கூடங்களில் சிலவற்றின் கூட்டை அப்படியே விட்டிருக்கிறார்கள், மேலே இருந்த கவிகை போய்ச் சுவர் வளையம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. நிலம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால் இது முடிந்தது.

ஹவாயின் லஹைனாவில் 2023 ஆகஸ்ட் 8-ஆம் தேதி தீயில் 102 பேர் இறந்தார்கள். 1962-லிருந்தே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. 1830-களில் கட்டிய பால்ட்வின் வீட்டின் மரமும் கூரையும் போய், பவளக்கல்லும் எரிமலைக் கல்லும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள் நின்றன, பழைய நீதிமன்றக் கட்டடத்தின் சுவர்களும் அப்படியே. இடிபாடு அள்ளும்போது ஹவாய் மக்களின் மரபை அறிந்த கண்காணிப்பாளர்களையும் உடன் வைத்துக்கொண்டார்கள், அள்ளுகிற மண்ணில் எது வெறும் குப்பை, எது அப்படியில்லை என்று சொல்ல. மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றலாம். 1873-இல் நட்ட ஆலமரம் கருகியும் பிழைத்துத் துளிர்த்தது, அது கட்டடக் கணக்கில் வராது என்றாலும்.

கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் 2018 நவம்பர் 8-ஆம் தேதி எரிந்து 85 பேர் இறந்தபோது, வேறு வகை எச்சம் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். திறக்க வீடில்லாமல் மக்கள் கையில் மிஞ்சிய சாவிகள். சுமார் 18,000 சாவிகளைச் சேர்த்து ஒரு பீனிக்ஸ் பறவைச் சிலை செய்து முதலாம் ஆண்டு நினைவு நாளில் திறந்தார்கள். நினைவிடம் என்றாலே கிரேனும் கான்கிரீட்டும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

திறப்பு விழாவுக்கு அப்புறம்

திறப்பு விழா வரை எல்லாரும் இருப்பார்கள். அப்புறம் மழை பெய்யும். இடிபாட்டை இடிபாடாகவே பாதுகாப்பது ஒரு முழுக் கட்டடத்தைப் பாதுகாப்பதைவிடக் கஷ்டம், ஏனென்றால் கூரை கிடையாது, சுவரின் உச்சி திறந்திருக்கும், தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். பிரான்சில் ஓரதூர்-சுர்-கிளான் என்ற கிராமத்தை 1944 ஜூன் 10-ஆம் தேதி நாஜிப் படை எரித்து மக்களைக் கொன்றது, அந்த எரிந்த கிராமத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. எண்பது வருடமாக அந்தச் சுவர்கள் கரைந்துகொண்டே இருக்கின்றன, செலவு ஏறிக்கொண்டே இருக்கிறது. சுவரைப் பலப்படுத்தினால் அது எரிந்த அன்று இருந்த சுவர் இல்லை, பலப்படுத்தாவிட்டால் சுவரே இல்லை. இந்த இக்கட்டுக்கு யாரிடமும் முழுத் தீர்வு கிடையாது.

கலிபோர்னியாவிலேயே நூறு வருடத்துக்கும் மேலாக நிற்கிற ஓர் எரிந்த வீடு இருக்கிறது. எழுத்தாளர் ஜாக் லண்டன் எரிமலைக் கல்லும் ரெட்வுட் மரமும் கொண்டு கட்டிய ஓநாய் வீடு, குடியேறுவதற்கு முன்பே 1913 ஆகஸ்டில் எரிந்துபோனது. காட்டுத்தீயால் எரிந்ததில்லை, வீட்டுக்குள் பற்றிய தீ. அதன் கல் சுவர்களும் புகைபோக்கிகளும் இன்றும் ஒரு மாநிலப் பூங்காவுக்குள் நிற்கின்றன. அது நிற்பதற்குக் காரணம் கல்லின் உறுதி மட்டும் இல்லை, பூங்கா என்ற அமைப்பு அதற்குச் சொந்தக்காரராக இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ஊர்க் கூட்டத்தில் யாராவது புகைபோக்கி நினைவிடம் என்று பேச்செடுத்தால், வடிவமைப்புப் படத்தைப் பார்க்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி: இருபது வருடம் கழித்து இதில் ஒரு செங்கல் கழன்றால் யாருக்குப் போன் போடுவது? நிலம் யார் பெயரில், வருடாந்தரச் செலவு யார் கணக்கில், நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்து பரிசோதிப்பது யார் என்பதற்கெல்லாம் எழுத்தில் பதில் இருந்தால் பெரிதாகவே கட்டலாம். அப்படிப் பொறுப்பேற்க யாரும் இல்லையென்றால், எட்டு அடி உயரத்துப் புகைபோக்கிகளை வரிசையாக நிறுத்தி அடுத்த தலைமுறைக்கு ஆபத்தை விட்டுப்போவதற்குப் பதிலாக, கான்பெராக்காரர்கள் செய்த மாதிரி செங்கல்லைச் சேகரித்து உள்ளே கம்பி வைத்த ஒரு சுவராகக் கட்டிவிடலாம். டைல்களை எண் போட்ட பெட்டியோடு வீட்டுக்காரர்களிடமே கொடுத்துவிடலாம்.